முதல் வகுப்பு மெடிக்கலுக்கு 8 வாரம், பிரஷர் 148/94: இப்போது என்ன செய்வது?

#1 செம்பனைச்சாலை

வணக்கம். வயது 41, துணை விமானி. முதல் வகுப்பு மருத்துவச் சான்று முடிய இன்னும் 8 வாரம் இருக்கிறது. விடுப்பில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இங்கே கிளினிக்கில் பார்த்ததில் 148/94, பத்து நிமிடம் கழித்து 144/92. வீட்டிலுள்ள மணிக்கட்டு மெஷின் ஒரு நேரம் 128 காட்டுகிறது, இன்னொரு நேரம் 150. எடை 86, உயரம் 171, இடுப்பு 98 செ.மீ. புகை இல்லை. இனிப்புநீர் இதுவரை இல்லை.

இது உண்மையிலேயே உயர் ரத்த அழுத்தமா, கிளினிக் பதற்றமா? மாத்திரை தொடங்கினால் சான்று போய்விடுமா? எந்த மாத்திரை பறப்பதற்கு ஒத்துவரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கித்தாமரம்

தம்பி, மாத்திரையை மட்டும் இப்போது தொடாதீர்கள். ஒரு முறை ஏட்டில் ஏறிவிட்டால் வருடா வருடம் கேள்வி வரும். உப்பைக் குறைத்து, தினமும் நடந்து, மெடிக்கலை முடித்துவிட்டுப் பிறகு மருத்துவரைப் பாருங்கள். அளவு 160க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

#3 வான்மருத்துவன்

கித்தாமரம் ஐயா, அக்கறையோடு சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் இந்த யோசனைதான் விமானிகளின் சான்றைப் பறிக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இணைப்பு 1, அதாவது உரிம விதிகள் உள்ள ஆவணம், விமானிக்கு எந்த எண்ணையும் விதிக்கவில்லை. மேல் அழுத்தமும் கீழ் அழுத்தமும் இயல்பு எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எண்ணை வைப்பது ஒவ்வொரு நாட்டு ஆணையத்தின் வேலை. நீங்கள் கேள்விப்பட்ட 160 ஐரோப்பிய விதியிலிருந்து வருவது: அங்கே அழுத்தம் தொடர்ந்து 160/95ஐத் தாண்டினால் தகுதியில்லை. அமெரிக்காவில் எல்லை 155/95. நம்மூரில் மலேசிய சிவில் விமான ஆணையம் அங்கீகரித்த மருத்துவப் பரிசோதகர் சொல்வதுதான் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 160/95 என்பது பறக்கத் தடை விழும் கோடு. உடம்புக்கு நல்லது என்று யாரும் அதைச் சொல்லவில்லை. கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85 தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தம். இடைப்பட்ட அந்த அளவில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கலாம், சிறுநீரில் புரதம் கசியலாம், கண் விழித்திரை நாளங்கள் சுருங்கலாம். பிறகு ஈசிஜியில் மாற்றம் தெரியும்போது பரிசோதகர் கேட்கும் கேள்வியே வேறாகிவிடும். பிரஷர் எவ்வளவு என்பதை விட்டு, விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது இந்த மனிதர் திடீரென்று செயலிழக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பார்கள். உலகின் பல ஆணையங்கள் இதற்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு என்ற அளவுகோலை வைத்திருக்கின்றன. அந்தக் கணக்குக்குள் போனபின் வெளியே வருவது சிரமம்.

மாத்திரை பற்றி அதே இணைப்பு 1 சொல்வது: பாதுகாப்பாகப் பறப்பதோடு ஒத்துப்போகும் மருந்தாக இருந்தால் தடை இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, 130/80 அளவில் நிலையாக, ஒழுங்கான பதிவோடு வரும் விமானிக்குச் சான்று புதுப்பிக்கப்படுவது அன்றாட நடைமுறை.

கட்டாயம் ஒன்று உண்டு. உடல்தகுதி குறைந்திருக்கலாம் என்று தெரிந்த பிறகு சான்றில் நாள் மிச்சமிருந்தாலும் பறக்கக் கூடாது. ஆகவே மாத்திரை தொடங்கும் நாளிலேயே பரிசோதகருக்குத் தொலைபேசி போட வேண்டும். அமெரிக்காவில் புது மாத்திரைக்கு 7 நாள் தரையில் இருக்கச் சொல்வார்கள். ஐரோப்பாவில் பக்கவிளைவு இல்லை என்று தெளியும்வரை சான்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்று அவரிடமே கேளுங்கள். விடுப்பில் இருக்கும்போதே தொடங்கினால் சம்பள நாள் வீணாகாது.

#4 தாதி_சிப்புட்

மருந்துக்குப் போகும் முன் அளவையே சரி செய்வோம். மணிக்கட்டு மெஷினை ஓரம் வையுங்கள். கை இதய மட்டத்திலிருந்து இறங்கினாலும் ஏறினாலும் எண் ஓடும், அதனால்தான் உங்களுக்கு 128ம் 150ம் வருகிறது.

மேல்கை மெஷின் வாங்குங்கள். வாங்கும் முன் தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். கையில் சுற்றும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைதான். 86 கிலோவுக்குக் கை 33, 34 இருக்கக்கூடும், அப்படியானால் பெரிய பட்டை தேவை. சின்னப் பட்டையைப் பெரிய கையில் சுற்றினால் உண்மையைவிட 5 முதல் 20 வரை கூட்டிக் காட்டும். மெடிக்கலுக்குப் போகும் இடத்திலும் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

எடுக்கும் முறை:

அரை மணி நேரம் முன்பிருந்து கோப்பி, தேநீர், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை மட்டுமே 10 வரை ஏற்றும். சாய்மானம் உள்ள நாற்காலி, இரு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது. கை மேசைமேல், பட்டையின் நடு மார்புக்காம்பு மட்டத்தில். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் கழற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், போன் பார்க்கவும் கூடாது. மெஷின் ஓடும்போது பேசினால் 10 ஏறும்.

காலையில் இரண்டு அளவு, ஒரு நிமிட இடைவெளி. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், பசியாறும் முன், மாத்திரை போடும் முன். இரவு படுக்கும் முன் இரண்டு. ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரி எடுங்கள். பிடிக்காத எண்ணை அழித்துவிட்டு மறுபடி எடுக்கும் பழக்கம் வேண்டாம். மெஷின் நினைவகத்தில் எல்லாம் இருக்கும், பரிசோதகர் அதைத் திருப்பிப் பார்ப்பார்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் எடுத்து, எது கூடுதலோ அந்தக் கையிலேயே தொடருங்கள். இரு கைக்கும் 15க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

#5 வலவன்

மேலே சொன்னதோடு விமானிக்கென்று ஒன்று சேர்க்கிறேன். இரவுப் பறப்பு முடித்து இறங்கிய காலையில் எடுத்த அளவைச் சராசரியில் சேர்க்காதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு 5, 10 கூட்டித்தான் காட்டும். அதை எழுதி வையுங்கள், பக்கத்தில் இரவுப் பறப்பு என்று குறியுங்கள். மெடிக்கலுக்கு நாள் கேட்கும்போதும் இதே கணக்குத்தான்: முன்னிரண்டு இரவும் சொந்தக் கட்டிலில் தூங்கியிருக்க வேண்டும், காலை நேரமாக இருக்க வேண்டும். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ விடியற்காலையில் காடியை விரட்டிக்கொண்டு போய் நேராகப் பட்டைக்குள் கையை நீட்டாதீர்கள்.

முந்தின நாள் கடும் ஓட்டமும் பளு தூக்குதலும் வேண்டாம். அது சிறுநீரில் தற்காலிகமாகப் புரதம் காட்டும். பிரஷர் கேள்வி ஏற்கெனவே இருக்கிறவருக்குப் புரதமும் வந்தால் சிறுநீரகப் பரிசோதனை வரை இழுக்கும்.

#6 செம்பனைச்சாலை

எல்லாருக்கும் நன்றி. மேல்கை மெஷின், பெரிய பட்டை, கைச் சுற்றளவு 34. ஆறு நாள் சராசரி: காலை 143/91, இரவு 137/87. இடது வலது வித்தியாசம் 4. கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனை: சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் இயல்பு, பொட்டாசியம் 4.2, வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.9, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 4.1, எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில். ஈசிஜி இயல்பு.

#7 வான்மருத்துவன்

இது பதற்றம் அல்ல, உண்மையான உயர்வு. காலை கூடுதலாக இருப்பதால் 24 மணி நேர அளவும் செய்துவிடுவது நல்லது. எல்லா கிளினிக்கிலும் அந்தக் கருவி இருக்காது, ஈப்போவில் விசாரித்துப் பாருங்கள். பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் அதைவிடச் சற்று இடைவிட்டு அது தானாக அளக்கும். பட்டை இறுகும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். காடி ஓட்டிக்கொண்டே இருந்தால் பாதி அளவு பிழையாகும். 70 விழுக்காடாவது தேறினால்தான் அறிக்கைக்கு மதிப்பு. பகல் சராசரி 135/85, இரவு 120/70, முழுநாள் 130/80: இவற்றைத் தாண்டினால் உயர்வு. இரவில் பகலைவிட 10 விழுக்காடாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், குறட்டை உண்டா, பகலில் கண் சொக்குகிறதா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் பிரஷர் மாத்திரைக்கு மசியாது. அது தனியாகவே சான்றைத் தொடும் விஷயம்.

உங்கள் சர்க்கரை 5.9 எனக்குப் பிரஷரைவிடப் பெரிய கவலை. எல்டிஎல் 4.1ம் சேர்ந்திருக்கிறது. ஆசிய ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டக் கூடாது, நீங்கள் 98. நம் இந்தியச் சமூகத்துக்கு இதய நாள அடைப்பு இளவயதிலேயே வருகிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி எடுங்கள்.

#8 மருந்துக்கடை

பறப்போடு ஒத்துப்போகும் மருந்துகளைச் சொல்கிறேன். எது உங்களுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அம்லோடிபின் 5 மி.கி. ஒரு மாத்திரையின் வேலை நாள் முழுக்க நிற்கும், ஆகவே நேர மண்டலம் மாறி இரண்டு மூன்று மணி நேரம் பிந்தினாலும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. முழு நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், மூன்றாம் நாளே எண் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டக் கூடாது. கெடுதல் கணுக்கால் வீக்கம். 10 மி.கி.யில் கூடுதல், நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பவருக்கு இன்னும் கூடுதல். இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை வேலை செய்யாது. 5ல் நிறுத்தி இரண்டாம் மருந்தைச் சேர்ப்பதே சரி.

பெரிண்டோப்ரில், எனலாப்ரில் வகை. சர்க்கரை பக்கம் சாய்பவருக்கு நல்லது. வறட்டு இருமல் வரலாம், ஆசிய மக்களிடம் இது அதிகம். வந்தால் இருமல் மருந்து குடித்துக்கொண்டே தொடராதீர்கள், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் அந்த நிமிடமே அவசரப் பிரிவு. இந்த இரு வகைக்கும் தொடங்கிச் சில வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 விழுக்காடு வரை ஏறுவது ஏற்கத்தக்கது.

ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற மென்மையான நீர் மாத்திரை அனுமதி உண்டு, பொட்டாசியமும் சோடியமும் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரூசமைடு போன்ற வலுத்தவை ஐரோப்பிய விதியில் ஏற்கப்படுவதில்லை.

அட்டெனலால் வகை அனுமதிக்கப்பட்டாலும் காரணம் இல்லாமல் முதல் மருந்தாக வேண்டாம். இதயத் துடிப்பு ஏறாததால் டிரெட்மில் சோதனை தெளிவில்லாமல் முடியும்.

வேண்டாதவை: மெத்தில்டோபா, குளோனிடின். மூளை வழியாக வேலை செய்து தூக்கம் வரவைப்பவை. பிராசோசினிலும் கவனம் தேவை. முதல் மாத்திரையிலேயே எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு.

பிரஷரை ஏற்றும் மருந்துகளையும் பாருங்கள். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின். முதுகு வலிக்கு டிக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், இபுபுரோஃபென். இந்த வலி மாத்திரைகள் மேலே சொன்ன பெரிண்டோப்ரில், லோசார்ட்டனின் வேலையையும் கெடுக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், ஆனால் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், ஒரு மாத்திரையில் ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கிறது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மூட்டுவலி ஜாமுவில் (மூலிகை மருந்தில்) ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. தொண்டைக்கு நல்லதென்று தினமும் அதிமதுரம் போட்டுக் குடிப்பவர்கள் கவனியுங்கள், அது பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும்.

#9 கித்தாமரம்

அதிமதுரம் நம் வீட்டில் தினசரி உண்டு. நல்ல தகவல். மாத்திரை பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், டாக்டர். தம்பி விடுப்பு முடியும் முன்னே தொடங்கிவிடட்டும்.

#10 அடுப்பங்கரை

உணவுக் குறிப்பு என்னுடையது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சோடியமாக 2000 மி.கி. இது வீட்டுச் சமையலில் போடுவது மட்டும் அல்ல, கடைச் சாப்பாட்டையும் சேர்த்து.

ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் (சோயா சாஸில்) 900 மி.கி. அளவு சோடியம். மேகி மீ ஒரு பாக்கெட்டின் மசாலாத் தூளைப் பாதி போட்டால் பாதிச் சுமை குறையும். நம் தோட்டப்புறச் சமையலில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் கருவாடு, சம்பல் நெத்திலி, பிளாச்சான் (இறால் விழுது), அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய். கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றி, குழம்பில் வேறு உப்பே போடாமல் வையுங்கள். புளியும் பூண்டும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் உப்புக் குறை தெரியாது. நாக்கு பழகச் சில வாரம் எடுக்கும், முதல் வாரச் சுவையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

காலையில் ரொட்டி சானாய்க்குப் பதில் இட்லியோ தோசையோ. சாம்பாரில் கீரை, முருங்கைக்காய் நிறைய. தே தாரிக்கில் உள்ள கெட்டிப்பால் உங்கள் 5.9 சர்க்கரைக்கு ஆகாது, பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் நாளுக்கு இரண்டு போதும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பெரிண்டோப்ரிலோ லோசார்ட்டனோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடம் மாறும்.

எடை: ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் ஏறத்தாழ 1 குறையும். எட்டு வாரத்தில் 4 கிலோ நியாயமான இலக்கு. கள், பீர் எதுவாக இருந்தாலும் மெடிக்கல் முடியும்வரை விட்டுவிடுங்கள், பிறகும் வாரத்தில் பெரும்பாலான நாள் இல்லாமல் இருக்கட்டும்.

#11 வலவன்

உடற்பயிற்சி: வாரம் 150 நிமிடம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் லோரிகள் கிளம்பும் முன் காலை 6.30க்குள் நடந்துவிடலாம். புகைமூட்ட நாளில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே வேண்டாம்.

அப்படிப்பட்ட நாளுக்கும் ஓட்டல் அறைக்கும் சுவரோர இருக்கை நிலை நல்லது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்ததுபோல் 2 நிமிடம், 2 நிமிட ஓய்வு, நான்கு சுற்று. வாரம் மூன்று நாள். மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் அந்த நேரத்து அழுத்தம் எகிறிவிடும். தொடக்கத்தில் 2 நிமிடம் முடியாது, முழங்காலைக் குறைவாக மடக்கி உயரமாக நின்று தொடங்குங்கள்.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே. நீர் மாத்திரை எடுப்பவர் கழிவறை போக அஞ்சித் தண்ணீரைக் குறைக்கிறார்கள், அதனால்தான் இருக்கையை விட்டு எழும்போது தலை கிறுகிறுக்கிறது. மாத்திரையைக் காலையில் போட்டு, தண்ணீரைச் சிறுசிறு வாயாகக் குடியுங்கள். மாத்திரைப் பெட்டி கைப்பையில், ஒரு வார உபரியோடு.

#12 ஈசிஜி_அறை

ஈசிஜி பற்றிக் கொஞ்சம். முதல் வகுப்புக்கு அனைத்துலகப் பரிந்துரை 30 முதல் 50 வயது வரை குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 50க்கு மேல் ஆண்டுதோறும். இயல்பில்லாத ஈசிஜி என்று வருவதில் ஒரு பங்கு ஒட்டும் இடத்துப் பிழை. மார்பின் முதல் இரண்டு ஒட்டுகள் நான்காம் விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டாம் இடைவெளியில் ஒட்டினால் பழைய மாரடைப்புப்போலவோ வலக்கிளைத் தடைபோலவோ (இதய மின்னோட்டம் வலப்பக்கம் தடைபடுவதுபோலவோ) காட்டும். இடக்கை வலக்கைக் கம்பி மாறினால் முதல் வரிசை தலைகீழாகும். மார்பில் எண்ணெய், பவுடர் பூசிக்கொண்டு போகாதீர்கள், முடி அதிகமென்றால் மழித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஈசிஜி நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள். புதிதாகத் தெரியும் ஒரு டி அலை மாற்றம் பத்து ஆண்டாக அப்படியே இருந்தால் அங்கேயே முடியும். நகல் இல்லை என்றால் இதய நிபுணர், எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் என்று நீளும்.

#13 செம்பனைச்சாலை

டாக்டர், டிரெட்மில் கேட்டால் எப்படித் தயாராவது? 24 மணி நேர அளவு வந்துவிட்டது: பகல் 140/89, இரவு 121/73. இன்று பெரிண்டோப்ரில் 4 மி.கி. தொடங்கினார்கள். பரிசோதகருக்கும் சொல்லிவிட்டேன், அவர் சொல்லும்வரை பறக்கவில்லை.

#14 வான்மருத்துவன்

நல்லது. இரவில் 13 விழுக்காட்டுக்கு மேல் இறங்குகிறது, அது நல்ல அடையாளம்.

டிரெட்மில்லில் பெரும்பாலும் புரூஸ் முறை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். ஐரோப்பிய விதி நான்காம் கட்டத்தை முடிக்கச் சொல்கிறது, அதாவது 12 நிமிடம். நான்காம் கட்டத்தில் சரிவு 16 விழுக்காடு. நடக்கவே பழகாதவர் கால் வலியால் ஏழாம் நிமிடத்தில் நிறுத்திவிடுவார், அறிக்கையில் முழுமையற்றது என்று வரும், பிறகு அணு ஸ்கேன் வரை போகும். இதயத்தில் ஒன்றும் இருக்காது, கால்தான் காரணம். ஆகவே ஆறு வாரம் முன்பிருந்தே சரிவில் நடந்து பழகுங்கள். கைப்பிடியைத் தொங்கிப் பிடிக்காமல் நடக்க வேண்டும். நிபுணர் சொன்னாலன்றி எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

நான்காம் வாரத்தில் வீட்டுச் சராசரி இன்னும் 135/85க்கு மேல் என்றால் அளவைக் கூட்டவோ அம்லோடிபின் சேர்க்கவோ சொல்வார்கள். மெடிக்கலுக்கு முந்தின இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இருப்பதுபோல் நாளைத் திட்டமிடுங்கள். எழுந்து நின்ற 1ம் நிமிடமும் 3ம் நிமிடமும் அளந்து பாருங்கள். மேல் அழுத்தம் 20 இறங்கினால் உடனே சொல்லுங்கள்.

எல்டிஎல்லுக்கு ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையை மருத்துவர் எழுதினால் தயங்காதீர்கள். பறப்பதற்கு அது பெரும்பாலும் தடையில்லை. தொடங்கும்போது அதையும் பரிசோதகருக்குத் தெரிவிக்க வேண்டும்.

#15 தாதி_சிப்புட்

கொண்டுபோக வேண்டியவை: வீட்டு அளவுத் தாள், 24 மணி நேர அறிக்கை, ரத்தப் பரிசோதனை இரண்டு முறையும், பழைய ஈசிஜி, மருந்துப் பெயரும் அளவும் தொடங்கிய தேதியும் உள்ள மருத்துவர் கடிதம். மெஷினையும் எடுத்துப்போங்கள். அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 5க்குள் ஒத்துப்போனால் வீட்டுத் தாளுக்கு மதிப்பு கூடும். முதல் அளவு கூடுதலாக வந்தால் பதற வேண்டாம், ஓய்வெடுத்து மறுபடி எடுக்கக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

#16 செம்பனைச்சாலை

கடைசிக் கேள்வி. வீட்டில் தம்புன் பொமலோ கூடை நிறைய இருக்கிறது. கிரேப்ஃபுரூட் மருந்தோடு ஆகாது என்கிறார்களே, இது?

#17 மருந்துக்கடை

அதே குடும்பம், அதே வேதிப்பொருள் இதிலும் உண்டு. பெரிண்டோப்ரிலுக்குப் பாதிப்பில்லை. அம்லோடிபினில் பெரிய மாற்றம் வராது. ஃபெலோடிபின் கொடுத்தால் பொமலோ வேண்டாம், பிரஷர் திடீரென்று இறங்கலாம். ஸ்டாட்டின் எழுதும்போது சிம்வாஸ்டாட்டின் என்றால் பழத்தை நிறுத்த வேண்டும், ரொசுவாஸ்டாட்டின் என்றால் சாப்பிடலாம். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று சுளை போதும், சர்க்கரையையும் பார்க்க வேண்டும். உப்புத் தூள் தொட்டுச் சாப்பிட வேண்டாம்.